மாடிக்கொரு பாட்டு

பிப்ரவரி 4

மூச்சாகி மூச்சுக்கு முன்னும் இருப்பவன்
பேச்சாகிப் பேசாப் பொருளாகி நிற்பவன்
தாளிணை போற்றித் தொடங்கு.

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

உம் அக்காளும் நானும் இறையருளால் நலம். உமது நலமும், மணமகளாகப் போகும் நம் குழந்தையின் நலமும், ஓய்வுக்கு ஓராண்டே மீதமிருக்கும் உமது அலுவலகப் பொறுமையின் நலமும் அறிய அவா.

திருமணம் செப்டம்பரில் என்று படித்ததும் கண் நனைந்தது. என் மூக்குக்கண்ணாடியைப் பறித்து மென்ற குழந்தை அல்லவா அவள்! அவள் தலையில் கைவைத்து வாழ்த்தாமல் எனக்கு இந்தக் கை எதற்கு? ஆனால் அடுத்த வரியிலேயே, “விமானச் சீட்டை நானே எடுத்து அனுப்புகிறேன்” என்று எழுதிவிட்டீர். நனைந்த கண் அங்கேயே காய்ந்துவிட்டது.

நாற்பதாண்டு நாளிதழ் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். படித்த செய்தி ஒற்றெழுத்து உட்பட உள்ளே தங்கிவிடும். சென்ற வாரம் மட்டும் கேளும். விமானமொன்றின் சக்கரம் வானில் கழன்றது. இரயிலின் கடைசிப் பெட்டி தனியே நின்றுவிட, இரயில் அதை மறந்து போய்விட்டது. படகொன்று பாறையில் மோதியது. பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர் தலையில் மாடியிலிருந்து பூந்தொட்டி விழுந்தது. ஓர் அலுவலகத்தில் லிஃப்ட்டின் கம்பி அறுந்தது. எல்லாவற்றையும் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறேன். வானம், தண்டவாளம், தண்ணீர் மூன்றும் அடைபட்டபின் உமது ஊருக்கு நான் எவ்வழியே வருவது?

நான் கோழையல்லன், கவனமுள்ளவன். வெயிலில் பூந்தொட்டிக்காகக் குடை விரிக்கிறேன். மழையில் மின்னலுக்காக மடக்கிவிடுகிறேன். லிஃப்ட்டைக் கைவிட்டு, நம் நான்காம் மாடிக்குப் படியேறியே போகிறேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சற்று நின்று இறைவன்மேல் ஒரு பாட்டுப் பாடிவிட்டு மேலே செல்வது புதிய பழக்கம். நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது.

குழந்தைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

தம்பி, நான்தான். கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார், எழுதுறேன். நேத்து மழையில தெப்பமா நனைஞ்சு வந்து நிக்கறார், குடை கக்கத்துல! “ஏங்க, அதை விரிச்சா என்ன?”ன்னா, “மின்னல் உனக்கு மச்சானா?”ங்கறார். நீ சீட்டை எடுத்துடு. கழுத்தைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு. — அக்கா


பிப்ரவரி 18

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு வணக்கம்.

இங்கு அனைவரும் நலம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கள் குடையின் நலத்தையும் கேட்டதாகச் சொல்லவும்.

நான் செய்யும் வேலை தங்களுக்குத் தெரியும். மக்கள் எதனால் இறந்தார்கள் என்று மருத்துவர்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, காரணவாரியாகப் பிரிக்கும் அலுவலகம். தங்களுக்கு எழுத்துப்பிழை எப்படியோ, எனக்கு மரணம் அப்படி. ஆகவே தங்களுக்குப் புரியும் மொழியிலேயே சொல்கிறேன்.

முப்பது பக்கத்தில் ஒரு நாளிதழ் அடிப்போம். உலகில் ஓராண்டில் இறந்தவர்கள் எல்லாருக்கும் சமமாக இடம் கொடுப்போம். இதயமும் இரத்தக் குழாய்களும் சேர்ந்து ஏறக்குறைய பத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே போகலாம், வேறு செய்தியே வராது. புற்றுநோய்க்கு ஐந்து பக்கம். மூச்சுக் கோளாறுகளுக்கு மூன்றரை. சர்க்கரைக்கு ஒன்று. சாலை விபத்துக்கு முக்கால் பக்கத்துக்குள். குளியலறையிலும் மற்ற இடங்களிலும் வழுக்கி விழுந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பக்கம். மின்னலுக்கு நான்கைந்து வரி. விமான விபத்துக்கு எவ்வளவு தெரியுமா? மூன்றெழுத்துச் சொல் ஒன்று. ஏதோ ஒரு மூலையில். தாங்கள் மூக்குக்கண்ணாடியோடு தேடினாலும் கிடைப்பது அரிது. சுறாமீனுக்கு ஒரு புள்ளிகூட முழுதாக இல்லை.

தங்களிடம் வரும் நாளிதழோ, அந்த மூன்றெழுத்தை எட்டுப் பத்தித் தலைப்பாக்கி, பத்துப் பக்கத்தை அடியோடு விட்டுவிடுகிறது. இதைவிடப் பெரிய அச்சுப்பிழையைத் தாங்கள் பார்த்ததுண்டா?

பூந்தொட்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். என் பணிக்காலம் முழுவதும் பூந்தொட்டி என்று எழுதிய தாள் ஒன்றுகூட என் மேசைக்கு வரவில்லை. தங்கள் கடிதத்தை உணவு இடைவேளையில் படித்துக் காட்டினேன். எங்கள் அலுவலகத்தில் பல வருடங்களுக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. என்மேல் ஒரு பூந்தொட்டி விழுந்தால், நான் தங்கள் காலில் விழுகிறேன்.

சீட்டு எடுக்கிறேன்.

அன்புள்ள,
மைத்துனன்


மார்ச் 12

மூச்சுக்கு முன்னவனை முன்னிறுத்தி,

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

நலம். நலமறிய அவா. உம் அக்காளின் முழங்கால் மழைக்கு முன்னறிவிப்புத் தருகிறது. மற்றபடி வேலை செய்கிறது.

உமது நாளிதழைப் படித்தேன். பிழையற்ற இதழ், ஆனால் விற்காது. பத்துப் பக்கமும் ‘இன்னார் இதய நோயால் காலமானார்’ என்று இருந்தால் அதை யார் காசு கொடுத்து வாங்குவார்? வண்ணப்படமும் கிடையாது. எம் ஆசிரியர் அச்சகத்தில் அடிக்கடி சொல்வார்: “வழக்கமா நடக்கறதை எல்லாம் போட்டா அது பஞ்சாங்கம்யா, பத்திரிகை இல்ல.”

இதனுடன் இரண்டு செய்தி நறுக்குகள் இணைத்துள்ளேன். ஒன்று, தேனீக் கூட்டம் தபால்காரரைத் துரத்தியது. மற்றது, தானே திறக்கும் கதவு ஒன்று தானே மூடிக்கொண்டது. இவை இரண்டும் உமது இதழில் எத்தனையாவது பக்கம்?

ஒரு நற்செய்தியும் உண்டு. இப்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு பாட்டு என்று ஆகிவிட்டது. முதல் மாடியில் குடியிருக்கும் தையல்கார அம்மா என் பக்தியைக் கண்டு உருகி, திருப்பத்தில் ஒரு நாற்காலியே போட்டுவிட்டார்.

“ஐயா, நின்னுகிட்டே பாடறீங்களே, உக்காந்து பாடுங்க. சாமி கோவிச்சுக்காது.”

“அம்மா, நின்று பாடுவதே மரபு.”

“மரபு இருக்கட்டும், மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுதே!”

“அது பக்திப் பெருக்கு.”

அவர் கைகூப்பிவிட்டார். மறுநாள் மூன்றாம் மாடித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி. அதற்கு மெத்தை உறையும் தைத்துப் போட்டிருக்கிறார். இரண்டு குடும்பத்தார் நான் ஏறும் நேரம் பார்த்துக் கேட்க வருகிறார்கள். இம்முதுமையில் எளியேனுக்கு இப்படியொரு பேறு!

சிறிது வாயுத் தொல்லை தவிர உடல் நலமே.

ஆசிகளுடன்,
அத்தான்

தம்பி, வீட்டுக்குள்ள வந்ததும் செருப்புப் பலகைமேல ரொம்ப நேரம் கண்ணை மூடி உக்காந்துடறார். என்னன்னு கேட்டா, விரலைத் தூக்கிக் காட்டறார். அப்புறம் சொல்றார், “மௌனப் பாராயணம்.” எனக்கு என்னமோ சரியாப் படலை. — அக்கா


மார்ச் 22

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு வணக்கம்.

நலம். மணப்பெண்ணும் நலம். தேனீ, கதவு இரண்டும் கிடைத்தன. இவற்றுக்கு என் இதழில் முகவரியே இல்லை.

இந்த முறை வேறொன்று எழுதுகிறேன். தங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலத்தையும் படியையும் ஒப்பிடுவது தங்களிடம் கற்ற வழக்கம். பிப்ரவரியில் நான்கு மாடிக்கு ஒரு பாட்டு. மார்ச்சில் மாடிக்கொரு பாட்டு. பிறகு நாற்காலி, வேர்வை, வாயு, செருப்புப் பலகை.

அத்தான், பக்தி வளர்ந்ததைப் பற்றி எனக்குத் தடையில்லை. ஆனால் அது ஏன் படிக்கட்டில் மட்டும் வளர்கிறது? சமதரையில் நடக்கும்போது தங்களுக்கு ஒரு பாட்டும் வருவதில்லையே. கீழே இறங்கும்போதும் பாடுவதாகத் தெரியவில்லை.

நேராகவே கேட்டுவிடுகிறேன். பாடுவதற்காக நிற்கிறீர்களா, நின்றுவிட்டதால் பாடுகிறீர்களா? நிற்கும்போது நெஞ்சில் இறுக்கமாக இருக்கிறதா? இடக்கையிலோ தாடையிலோ இழுக்கிறதா? நின்றதும் போய்விடுகிறதா?

இதற்கு மட்டும் பதில் எழுதவும். மற்றவை பிறகு. நான் வைத்திருக்கும் பத்துப் பக்கங்களில் ‘வாயு என்று இருந்தார்’ என்ற வரி எத்தனை முறை வருகிறது என்று தங்களுக்குத் தெரியாது.

அன்புள்ள,
மைத்துனன்


ஏப்ரல் 19

முன்னவனை முன்னிறுத்தி,

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

நலம். நலமறிய அவா. உமது கடிதம் உரிய காலத்தில் வந்தது. பதில் தாமதமானதற்கு லிஃப்ட் காரணம்.

லிஃப்ட் மெக்கானிக் மாதந்தோறும் எண்ணெய் போட வருகிறார். என்னைப் படிக்கட்டில் கண்டு பிடித்துக்கொண்டார்.

“பெரியவரே, இதுல ஏறுனா என்னவாம்? நாலு கம்பி இருக்கு. ஒண்ணு அறுந்தாலும் மூணு தாங்கும். மூணும் அறுந்தா பிரேக் பிடிக்கும்.”

“பிரேக்கும் பிடிக்காவிட்டால்?”

“அப்ப கீழ ஸ்பிரிங் இருக்கு.”

“ஸ்பிரிங்கும் இல்லாவிட்டால்?”

“அப்ப நான் இருக்கேன் சாமி, எனக்கு வேலை போயிடும்! போதுமா?”

அவர் வேலையைக் காக்கும் பொருட்டும் நான் லிஃப்ட்டில் ஏறாதிருப்பதே நலமென்று சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு பெட்டிக்குள் போய்விட்டார்.

தையல்கார அம்மா ஒரு விசிறியும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கேட்போர் பெருகிவிட்டனர். மாலை நேரத்தில் படிக்கட்டில் இறங்குவோர் ஒதுங்கி நின்று இறங்க வேண்டியிருக்கிறது. அண்மையில் ஒரு பாட்டின் நடுவில் நான் சற்று நிறுத்தியபோது, “ஆகா, எப்படி உருகி நிறுத்தறார் பார்!” என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபத்து வாயில் கிழக்கு நோக்கியதா? பந்தி எத்தனை? அறியத் தருக.

எல்லா உயிரின் முடிவும் எழுதியவன் கையில் உள்ளது. அவன் ஏட்டில் நான் பிழை திருத்துவது முறையன்று.

உமது கடிதத்தின் நான்காம் பத்திக்குக் காகிதத்தில் இடமின்மையால் பதில் எழுத இயலவில்லை.

ஆசிகளுடன்,
அத்தான்

தம்பி, பாதிக் காகிதம் வெள்ளையா கெடக்கு, பார்த்தியா? இவ்வளவு இடத்தை வெச்சுகிட்டு இடமில்லையாம். டாக்டர்கிட்ட போலாம்னா, “போற வழியில நாய் கடிச்சா யார் பொறுப்பு?”ங்கறார். நீதான்டா எழுதணும். நீ சொன்னா கேப்பார். — அக்கா


ஜூன் 7

முன்னவனே துணை.

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

நாங்கள் நலம். நீர்?

என் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மே மாதம் முழுவதும் போயிற்று. நீர் பதில் தவறாதவர். பதிலில் தவறுபவர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தொலைபேசினால் நம் குழந்தை எடுத்து, “அப்பா வெளியில போயிருக்கார் மாமா” என்கிறாள். எப்போது கேட்டாலும் வெளியே. அரசு அலுவலர் எவரும் இவ்வளவு வெளியே போய் நான் அறிந்ததில்லை.

உமது ஊர்ச் செய்திகளை நாள்தோறும் வரிவரியாகப் படிக்கிறேன். நறுக்குகளில் உமது பெயரைத் தேடுகிறேன். இல்லை. இல்லாதது ஆறுதலாக இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் செய்தியில் வராமலேயே போகிறார்கள் என்று நீர்தாம் எழுதியிருந்தீர். அந்த வரி இப்போது என்னை உறங்க விடுவதில்லை.

கோபமிருந்தால் கோபமென்று எழுதும். நான்காம் பத்திக்காகவா?

உடனே எழுதும்.

அத்தான்


ஜூன் 20

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு வணக்கம்.

நலம். கோபம் ஏதுமில்லை. அலுவலகத்தில் ஆண்டறிக்கை வேலை. கையெழுத்து வேறாக இருப்பது கண்டு கலங்க வேண்டாம். நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். அவளுக்கும் கடிதம் எழுதும் பழக்கம் வரட்டுமே என்று.

நான்காம் பத்திக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

அன்புள்ள,
மைத்துனன்

மாமா, நான்தான். அப்பா தூங்கிட்டார், அதனால இதைச் சேர்த்து எழுதறேன். ஆண்டறிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மே மாசம் ஆரம்பத்துல ஆபீஸ் வாசல்ல நின்னுகிட்டு யாருக்கோ சாவைப் பத்தி விளக்கிட்டு இருந்திருக்கார். மேல இருந்து பூந்தொட்டி விழுந்துடுச்சு. வலது தோள்பட்டை எலும்பு விரிசல், கட்டுப் போட்டிருக்கு. ஆபத்து எதுவும் இல்ல. “அத்தானுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்”னு சொல்லி எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கார். நான் சத்தியம் பண்ணும்போது வாயில மிட்டாய் இருந்துச்சு, அதனால அது செல்லாது. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. — உங்க கண்ணாடியை மென்ன பொண்ணு


ஜூன் 29

எல்லாம் வல்லவன், எல்லாம் அறிந்தவன், நகைச்சுவை உணர்வு நிரம்பியவன் தாளிணை போற்றி.

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

பூந்தொட்டி!

உமது தோள் விரைவில் இணைய இறைவனை வேண்டுகிறேன். மனமார வேண்டுகிறேன். அக்காளும் அழுதுவிட்டு வேண்டுகிறாள். வேண்டி முடித்தபின் கேட்கிறேன்: அது மண் தொட்டியா, சிமெண்டுத் தொட்டியா? உள்ளே என்ன செடி? மூலத்துக்கு மாறாக எதையும் குறித்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

காலில் விழும் சடங்கைத் திருமண மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாமா, இங்கு வந்து செய்வீரா? கட்டுப் பிரித்த பிறகு செய்தால் போதும், அவசரமில்லை.

குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். மிட்டாய் வாயில் இருக்கையில் செய்த சத்தியம் செல்லாது என்பது என் தீர்ப்பும்.

நெடுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தபின் சிறிது நேரம் உட்கார வேண்டியிருந்தது.

ஆசிகளுடன்,
அத்தான்

தம்பி, சிரிச்சதுக்கே மூச்சு வாங்குதுடா. இப்ப ரெண்டு திருப்பத்துக்கு நடுவுலயும் ஒரு பாட்டு. — அக்கா


ஜூலை 8

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு வணக்கம்.

கட்டுப் பிரித்தாயிற்று. இது என் கையெழுத்தேதான், கோணல் தோளுடையது.

சிமெண்டுத் தொட்டி. உள்ளே கற்றாழை. விழுந்தது தோளில், தலையிலன்று. ஆயினும் ஒப்பந்தத்தில் நான் உறுப்பைக் குறிப்பிடவில்லை. ஆகவே காலில் விழுகிறேன். மண்டபத்திலேயே, எல்லாரும் பார்க்க.

நான் ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலியால் அன்று. என் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. பூந்தொட்டிக்குப் பயப்பட வேண்டாம் என்று உலகுக்கே சொன்னவன், பூந்தொட்டிக்குக் கீழே கிடந்தேன். மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். “வழுக்கி விழுந்தேன்” என்று சொன்னேன் அத்தான். வழுக்கி விழுந்தவனுக்காவது என் இதழில் மூன்றில் ஒரு பக்கம் மரியாதை உண்டு.

கட்டோடு கிடந்தபோது ஒன்று தோன்றியது. நான் எனக்கு ஒத்துவராததை மறைத்தேன். தாங்கள் தங்களுக்கு ஒத்துவராததை மறைக்கிறீர்கள். என் பூந்தொட்டி, தங்கள் படிக்கட்டு. என்னுடையது விழுந்துவிட்டது, எலும்போடு போயிற்று. தங்களுடையது இன்னும் விழவில்லை.

நான் சொல்லிவிட்டேன். இனித் தங்கள் முறை. நான்காம் பத்தி, அத்தான்.

என் மகளை வாழ்த்தத் தாங்கள் வர வேண்டும். விமானத்தில் வாருங்கள், மாட்டு வண்டியில் வாருங்கள், நீந்தி வாருங்கள். வந்தால் போதும்.

அன்புள்ள,
மைத்துனன்


ஜூலை 19

தம்பிக்கு அக்கா எழுதறது. முதல்லயே சொல்லிடறேன், அவர் நல்லா இருக்கார். பயப்படாம படி.

உன் கடிதம் வந்தப்ப கீழ தபால் பெட்டிகிட்டதான் இருந்தார். படிச்சுகிட்டே ஏறியிருக்கார். முதல் திருப்பத்துல கூட்டம் காத்துகிட்டு இருக்கு. “இன்னைக்குப் பாட்டுக்குப் பதிலா ஒரு கடிதம்”னு சொல்லி, நீ பூந்தொட்டிக்கு அடியில கெடந்ததை சத்தமாப் படிச்சிருக்கார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. அந்தக் கடைசிப் பகுதி வந்ததும் குரல் நின்னுபோச்சாம்.

“ஆகா, எப்படி நிறுத்தறார் பார்”னு ஒருத்தர் ஆரம்பிச்சிருக்கார்.

“ஆகாவும் இல்ல ஓகோவும் இல்ல. எனக்கு நெஞ்சு வலிக்குது”ன்னாராம் இவர். “ரொம்ப நாளா வலிக்குது. பாட்டு பாடினா நிக்கறதுக்கு ஒரு சாக்கு.”

தையல்கார அம்மா போட்ட கூச்சல்ல நான் நாலாம் மாடியிலேருந்து ஓடி வந்தேன், என் முழங்கால் வலிச்சுதான்னே தெரியலை. எல்லாருமா இவரைத் தூக்கிட்டுக் கீழ இறங்கப் பார்க்கறாங்க. அன்னைக்கு எண்ணெய் போட வந்த மெக்கானிக் லிஃப்ட் கதவைத் திறந்துகிட்டு நிக்கறார். “பெரியவரே, சும்மா உள்ள வாங்க. நானும் கூட வர்றேன். அறுந்தா சேர்ந்தே போவோம்”ங்கறார். இவர் அவர் கையைப் பிடிச்சுகிட்டு, கண்ணை இறுக்கி மூடிகிட்டு ஏறினார். ஒரு மாடிதான்டா. கதவு திறந்ததும், “வந்தாச்சா? அவ்வளவுதானா?”ன்னார்.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரம்மா. “எவ்வளவு நாளா பெரியவரே?”ன்னு கேட்டாங்க.

“பிப்ரவரியிலேருந்து பாடிட்டிருக்கேன்.”

“நான் வலியைக் கேட்டேன்.”

“நானும் அதைத்தான் சொல்றேன்”ன்னார்.

நெஞ்சுல ரெண்டு ரத்தக் குழாய் முக்கால்வாசி அடைச்சிருந்துச்சாம். உடனே ஸ்டென்ட்டுன்னு ஒரு வலைக்குழாய் வெச்சு விரிச்சு விட்டுட்டாங்க. இன்னும் ஒரு மாசம் இப்படியே ஏறியிருந்தா, அதுக்கு மேல டாக்டரம்மா சொல்லலை, நானும் கேக்கலை.

உன் தோள் எப்படி இருக்கு? வெளிய போகும்போது அண்ணாந்து பார்த்துப் போ. — அக்கா


ஆகஸ்ட் 14

மூச்சாகி மூச்சுக்கு முன்னும் இருப்பவன், கேட்காமலே மூச்சைத் திருப்பித் தந்தவன் தாளிணை போற்றி.

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

நலம். இம்முறை அந்தச் சொல்லை ஒப்பிட்டுச் சரிபார்த்தபின் எழுதுகிறேன். உமது தோளின் நலமும் அறிய அவா.

உமது நான்காம் பத்திக்கான விடைகள், கேட்ட வரிசையிலேயே. நின்றுவிட்டதால் பாடினேன். ஆம், இறுக்கம். ஆம், இடக்கை, தாடையும். ஆம், நின்றதும் போய்விடும். இந்த நான்கு வரியை எழுத எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

காரணமும் சொல்ல வேண்டும். என் தந்தையார் சாய்வு நாற்காலியில் போனார். என் அண்ணன் சாப்பிட்டுக் கைகழுவப் போன இடத்தில் போனார். இருவருக்கும் நெஞ்சுதான். எந்த நாளிதழிலும் அவை செய்தியாக வரவில்லை. என் முறையும் அவ்வழியே வரும் என்பது எனக்கு உள்ளூரத் தெரியும். அந்த அச்சத்தை எங்கே வைப்பது? கத்தரித்து ஒட்ட அதில் எதுவும் இல்லை. சக்கரம் கழன்ற விமானத்தை அஞ்சுவது எளிது. குடை விரித்தால், சீட்டு வாங்காமலிருந்தால், அது தீர்ந்துவிடும். ஆகவே உலகத்து அச்சத்தையெல்லாம் வாங்கி அடுக்கி, என் வீட்டு அச்சத்தை அதன் பின்னால் ஒளித்து வைத்தேன். இறைவன் ஏட்டில் பிழை திருத்தமாட்டேன் என்று உமக்கு எழுதியதும் பணிவன்று. படிக்கவே பயந்து பக்கத்தை மூடி வைத்தவன் நான். மருத்துவரையும் அவன்தானே எழுதியிருக்கிறான்!

உமது கணக்கும் என்னை அசைக்கவில்லை, மைத்துனரே. பத்துப் பக்கத்தை நீர் விரித்துக் காட்டியபோது நான் இன்னும் இறுக மூடிக்கொண்டேன். அசைத்தது அந்தக் கற்றாழை. பூந்தொட்டியை மறைத்தேன் என்று நீர் எழுதியதைப் படிக்கையில், வெட்கத்தில் எனக்கொரு துணை கிடைத்தது. அந்தத் துணையோடுதான் வாய் திறந்தேன். ஆகவே காலில் விழ வேண்டாம். தோளைத் தழுவிக்கொள்வோம், இடத்தோளை.

படிக்கட்டுக் கூட்டம் கலையவில்லை. நான் லிஃப்ட்டில் போவதால், அவர்கள் மாடிதோறும் கதவருகே நிற்கிறார்கள். மெக்கானிக் இப்போது மாலைதோறும் வந்து, ஒவ்வொரு மாடியிலும் பெட்டியை நிறுத்திக் கதவைத் திறக்க, நான் ஒரு பாட்டுப் பாடி முடித்ததும் மூடுகிறார். லிஃப்ட்டுக்குக் காத்திருப்போர் முணுமுணுக்கிறார்கள். தையல்கார அம்மா மூன்றாம் மாடி நாற்காலியில் தாமே உட்கார்ந்து, “எனக்கும் ஏறும்போது மூச்சு முட்டுது, நான் என்ன பாடட்டும்?” என்று கேட்டார். பாட்டு வேண்டாம், டாக்டரம்மாவிடம் போங்கள் என்றேன். போய்வந்தார். அவருக்கு இரத்தம் குறைவாம், மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இச்செய்தியும் எந்த நாளிதழிலும் வரவில்லை. ஆகையால் நானே ஒரு சிறு தலைப்பு எழுதி, நறுக்குகளின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன்: ‘முதல் மாடிக்காரர் மருத்துவரிடம் போனார், நலமாகத் திரும்பினார்.’ அதற்கு மேல் என்னுடையதையும் ஒட்டியிருக்கிறேன். ஒற்றுப்பிழை இல்லை.

டாக்டரம்மா பயணத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டார். விமானச் சீட்டு வந்து சேர்ந்தது. உமது இதழின் அந்த மூன்றெழுத்துச் சொல்லில் ஏறி வருகிறேன். அச்சம் போய்விட்டதா என்று கேளாதீர், போகவில்லை. அதையும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். சன்னலோர இருக்கை வேண்டும். சக்கரம் கழன்றால் முதலில் பார்ப்பவன் நானாக இருக்கட்டும். மண்டபத்து முகப்பில், மாடியில், பூந்தொட்டி எதுவும் வைக்கக் கூடாது. இது வேண்டுகோளன்று, நம் இருவர் அனுபவம்.

உம் அக்காள் வழக்கம்போலக் கீழே எழுத இடம் கேட்டாள். பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இந்த வாட்டி எனக்கு இடமே இல்லையே” என்று சிரித்துக்கொண்டு போனாள். ஆம். இக்கடிதத்தில் காலி இடம் வைக்கவில்லை.

மணமக்கள் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து வாழ்க. உம் தோளும் உம் மனையும் உறுதியாக நிற்க. இக்கடிதம் எவர் கைக்குப் போய் எவர் இல்லத்தில் படிக்கப்பட்டாலும், அவ்வீட்டார் இடையில் நிற்காமல் படியேறுக. நிற்க நேர்ந்தால் ஏனென்று உரக்கச் சொல்லுக. சொன்னதும் கைபிடிக்க ஒருவர் அருகில் இருக்க இறைவன் அருள்க.